ஒருவருக்கு ஒன்று

எங்கள் அலுவலகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சாண்ட்விச் வாங்கியிருந்தார்கள். 30 பேர் இருக்கும் டீம், 30 சாண்ட்விச். கடைக்காரர் ஒவ்வொன்றையும் குறுக்காக வெட்டி, 60 முக்கோணங்களாகத் தட்டுகளில் அடுக்கி அனுப்பியிருந்தார். பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘ஒருவருக்கு ஒன்று’.

ஒரு முக்கோணமா, இரண்டா? யாரோ விளையாட்டாகக் கேட்டதுதான். அடுத்த முக்கால் மணி நேரம் எங்களுக்கு வேறு வேலை ஓடவில்லை.

“வெட்டினா ரெண்டாயிடுமா? தோசையைப் பிச்சா ரெண்டு தோசையா?” என்றான் ஒருவன். “அப்போ கேக்? வெட்டின துண்டைத்தானே ஒண்ணுன்னு எடுத்துக்கறோம்?” என்றாள் இன்னொருத்தி. நான் கிளப் சாண்ட்விச்சை இழுத்துவிட்டேன். மூன்று ரொட்டித் துண்டுகள், இடையில் இரண்டு அடுக்கு. நடு ரொட்டி மேலே இருப்பதற்குத் தரை, கீழே இருப்பதற்குக் கூரை. இரண்டு சாண்ட்விச் என்றால் ஒரே ரொட்டியை இரண்டு முறை எண்ணுகிறோம். ஒன்றுதான் என்றால், ஐந்து ரொட்டி, பத்து ரொட்டி என்று அடுக்கிக்கொண்டே போனாலும் ஒன்றுதானா? எங்கே நிறுத்துவது?

இதெல்லாம் வெட்டிப்பேச்சு என்று தோன்றலாம். ஆனால் இதையொட்டிய ஒரு கேள்வி அமெரிக்காவில் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஒரு வணிக வளாகத்தில் பனேரா பிரெட் கடை நடத்திய நிறுவனம், இன்னொரு சாண்ட்விச் கடைக்கு இடம் தரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தது. வளாகத்துக்காரரோ பரிட்டோ விற்கும் கடைக்கு இடம் கொடுக்கப் போனார். பரிட்டோ சாண்ட்விச்சா? 2006இல் நீதிபதி அகராதியைப் பார்த்து, சாண்ட்விச் என்றால் பொதுவாக இரண்டு ரொட்டித் துண்டு, பரிட்டோவுக்கு ஒரே ஒரு டார்ட்டில்லாதான், ஆகவே இல்லை என்று தீர்ப்பளித்தார். நியூயார்க் மாநில வரித்துறையின் விளக்கக் குறிப்பிலோ பரிட்டோ, ஹாட் டாக் எல்லாமே சாண்ட்விச் கணக்கில்தான் வருகின்றன. இரண்டு தரப்பிலும் யாரும் முட்டாள் இல்லை. ஒருவருக்கு ஒப்பந்தத்துக்குப் பொருள் சொல்ல வேண்டும், இன்னொருவருக்கு வரி வாங்க வேண்டும். அவரவர் தேவைக்கு ஏற்ப அவரவர் சாண்ட்விச்.

‘எத்தனை’ என்பதிலும் இதே சிக்கல்தான். ஜெர்மானியத் தத்துவவாதி ஃப்ரேகே, எண்கணிதத்தின் அடித்தளம் பற்றி 1884இல் வெளியிட்ட நூலில் சீட்டுக்கட்டு உதாரணம் ஒன்றைச் சொல்கிறார். ஒரு கல்லைக் கொடுத்து எடை கேட்டால் கேள்வி முழுமையாக இருக்கிறது. சீட்டுக்கட்டைக் கொடுத்து ‘எத்தனை’ என்று கேட்டால் கேள்வி முடியவே இல்லை. சீட்டா, கட்டா? எதை எண்ணுகிறோம் என்று சொன்ன பிறகுதான் எண் பிறக்கிறது. டேட்டாபேஸில் வேலை செய்பவர்களுக்கு இது தினப்படி அனுபவம். மெஷின் தப்பில்லாமல் எண்ணிவிடும். எது ஒன்று என்பதை முன்னாலேயே யாரோ ஒரு மனிதர் முடிவு செய்திருப்பார். ஹோட்டலில் ஒரு பிளேட் இட்லி கேட்டு இரண்டு வந்தால் யாரும் சண்டை போடுவதில்லை. ‘பிளேட்’ என்ற சொல்லே அளவைச் சொல்லிவிடுகிறது. எங்கள் தாளில் அந்தச் சொல் இல்லை. ஆக, இரண்டு கட்சியும் சரி.

இப்படி வெற்றிகரமாக முடித்துவிட்டுக் கை கழுவப் போனேன். பேன்ட்ரியில் ஹவுஸ்கீப்பிங் அக்கா காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நீங்க எடுத்துக்கிட்டீங்களாக்கா?”

“எடுத்துக்கிட்டேன் சார், ஒண்ணு.” டிஷ்யூ பேப்பரில் சுற்றிய ஒரு முக்கோணம்.

“ரெண்டு எடுத்திருக்கலாமேக்கா. ரெண்டும் சேர்ந்துதான் ஒண்ணு.”

“பேப்பர்ல ஒண்ணுன்னுதானே சார் போட்டிருந்துச்சு.”

தட்டுகளில் ஒன்றும் மிச்சமில்லை. கிளப் சாண்ட்விச்சைப் பற்றிப் பேசுகிற சுவாரஸ்யத்தில் நான் எத்தனை தின்றேன் என்று யோசித்தேன். மூன்று. என் கணக்குப்படியே ஒன்றரை.

தெளிவில்லாத ஒரு விதியை எல்லோரும் ஒரே மாதிரி படிப்பதில்லை. அந்த இடம் தன்னுடையது என்று நினைப்பவர்கள் பெரிய அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறோம். யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர் சிறிய அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறார். நாங்கள் விவாதித்த அதே கேள்விக்கு அவரும் பதில் கண்டுபிடித்திருந்தார். அவருக்கு அதில் விளையாட்டு இல்லை, அவ்வளவுதான்.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. 30 பேருக்கு 30 என்று ஆர்டர் செய்தபோது அந்த 30இல் அவர் இல்லை. ‘ஒருவருக்கு ஒன்று’ என்பதில் இரண்டாவது சொல்லைப் பற்றித்தான் முக்கால் மணி நேரம் பேசினோம். முதல் சொல்லை யாரும் தொடவே இல்லை.

அடுத்த மாதம் ஆர்டர் செய்கிற வேலையை நானே வாங்கிக்கொண்டேன். ஹவுஸ்கீப்பிங் இரண்டு பேர், செக்யூரிட்டி இரண்டு பேர், மொத்தம் 34. தாளில் ‘ஒருவருக்கு இரண்டு துண்டு’ என்று எழுதி ஒட்டினேன். விவாதிக்க ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டு எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்குத்தான் கொஞ்சம் போரடித்தது.