கடலிற் சேரும் நீர் வீணா?

"ஆற்று நீர் கடலில் வீணாகக் கலக்கிறது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் நீரை அளவோடு புழங்க வேண்டும் என்று கற்று வளர்ந்தவர்களுக்கு விரயம் என்ற சொல் சற்று ஆழமாகவே தைக்கும். ஆனால் விரயம் என்று தீர்ப்பளிக்குமுன், கடலிற் சேர்ந்த நீர் அங்கே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டாமா?

படகிலிருந்து பார்ப்பவனுக்குச் சிறிது தொலைவே தெரியும். கடலின் நிறத்தை அளப்பதற்கென்றே அமைந்த முதற் கருவி 1978ஆம் ஆண்டில் நிம்பஸ்-7 என்னும் செயற்கைக்கோளில் ஏறிச் சென்றது. கடலில் மிதக்கும் நுண்ணிய தாவரங்கள் நீல ஒளியை உட்கொள்வதால், அவை செழித்த இடம் பச்சையாகத் தெரியும்; வண்டல் கலந்த நீரோ பழுப்பாகத் தெரியும். இத்தகைய படங்களில் அமேசான் ஆற்றின் நீர் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கடலில் பரந்து கிடப்பதைக் கண்டார்கள்.

நைல் நதியின் காரியத்தில் இந்த வான்கண் தாமதமாகவே திறந்தது. மிஸ்ரு நாட்டில் அஸ்வான் உயர் அணை 1964ஆம் ஆண்டிலேயே வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தத் தொடங்கிவிட்டது. அதற்கு முன் ஆண்டுதோறும் கோடையின் இறுதியில் வெள்ளம் ரஷீத், தமியாத் முகத்துவாரங்களின் வழியே வண்டலையும் சத்தையும் சுமந்து வரும், நுண்தாவரங்கள் பெருகும், அவற்றை நாடிச் சாளை மீன்கள் திரளும். 1962இல் ஏறக்குறைய 18,000 டன் கிடைத்த சாளை, அப்பத்தாண்டு முடிவதற்குள் சில நூறு டன்னாகச் சுருங்கியது. அந்தப் பழைய பசுமையின் படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. வண்டல் வராததால் ரஷீத் கடல்முனை ஆண்டுக்காண்டு அரிக்கப்படுவதைத்தான் பின்வந்த செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன.

அணை கட்டியவர்களைப் பழிக்க நான் முற்படவில்லை. 1980களில் எத்தியோப்பியாவில் மழை பொய்த்தபோது மிஸ்ரின் வயல்களைக் காத்தது அந்த அணையில் தேங்கிய நீரே. எனினும், கடலுக்குச் செல்லும் நீரை நட்டக் கணக்கில் எழுதுவோர், வலைஞரின் ஹக்கை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1980களிலிருந்து அக்கடலில் மீன்வளம் மீண்டும் பெருகியது. கடல் தானே தேறிவிட்டது என்று மகிழலாம் போலத் தோன்றும். மீன்களின் உடலிலுள்ள நைட்ரஜனைச் சோதித்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. அன்றைய மீன் உற்பத்தியில் 60 விழுக்காடு முதல் முழுவதும் வரை, வயல்களின் உரமும் நகரங்களின் கழிவுநீருமே தாங்கி நிற்கக்கூடும் என்று அது கண்டது. வெள்ளம் வளர்த்த பசுமையும் சாக்கடை வளர்த்த பசுமையும் வானிலிருந்து பார்த்தால் ஒரே பசுமைதான். போதாக்குறைக்கு, கரையோரத்தில் மக்கிய இலைகளின் சாயமும் சேறும் கலந்து, உயிரில்லாத இடத்தையும் பச்சை என்று கருவியைச் சொல்ல வைத்துவிடும். எந்தப் பசுமை எது என்றறிய, இன்றும் ஒருவர் படகேறிச் சென்று நீரை மொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.