கதைக்காக ஒரு பொய் சொல்லலாமா?

பேய்ப்படம் பார்க்கலாமா, கூடாதா என்று அறிவுரை சொல்ல நான் வரவில்லை. நானே பார்ப்பேன். முகாம் முடிந்து பேருந்தில் திரும்பும்போது நம் பிள்ளைகள் பேசுவதில் பாதி அதுதான். நான் கேட்க வந்த கேள்வி வேறு. கதை என்றாலே கட்டிச் சொல்வதுதான். அப்படியிருக்க, எந்தப் பொய் கதை, எந்தப் பொய் குற்றம்? நடுவில் கோடு எங்கே இருக்கிறது?

1999-இல் அமெரிக்காவில் 'தி பிளேர் விட்ச் புரோஜெக்ட்' என்றொரு படம் வந்தது. யாரோ எடுத்துவிட்டுப் போன காணொளி கிடைத்தது போல, ஆடி ஆடி வரும் பேய்ப்படங்கள் இன்று ஏராளம். அந்த வகையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது இந்தப் படம்தான். மேரிலாந்து மாநிலத்தில் ஒரு காட்டுக்குள் சூனியக்காரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன மூன்று மாணவர்கள் 1994-இல் காணாமல் போய்விட்டார்கள், ஓராண்டு கழித்து அவர்கள் எடுத்த காட்சிகள் மட்டும் கிடைத்தன என்று படம் தொடங்கும்.

அப்படி யாரும் காணாமல் போகவில்லை. ஹெதர் டோனஹியூ, மைக்கேல் வில்லியம்ஸ், ஜோஷுவா லெனர்ட் என்ற மூன்று இளம் நடிகர்களை வைத்து 1997 அக்டோபரில் எட்டு நாளில் எடுத்த படம் அது. இயக்குநர்கள் டேனியல் மிரிக், எட்வார்டோ சான்செஸ். இவர்களும் இளைஞர்கள்தான், கையில் பெரிய காசு இல்லாதவர்கள். எழுதி வைத்த வசனம் கிடையாது. நடிகர்களே பேசினார்கள், அவர்களே கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் சுமந்து படம் பிடித்தார்கள். அன்றன்று என்ன செய்ய வேண்டும் என்று துண்டுச்சீட்டு வரும். நாளுக்கு நாள் சாப்பாட்டைக் குறைத்தார்கள். நடு ராத்திரியில் இயக்குநர்களே வந்து கூடாரத்தை ஆட்டினார்கள். ஆக, திரையில் நாம் பார்க்கும் பயத்திலும் பசியிலும் நிஜமும் கலந்திருக்கிறது.

இதுவரை சரி. நடிப்புக்காகக் கஷ்டப்படுவது புதிதல்ல. என்னை உறுத்துவது அடுத்த விஷயம்.

கதாபாத்திரங்களுக்கு நடிகர்களின் சொந்தப் பெயரையே வைத்தார்கள். இணையத்தளத்தில் கற்பனையான காவல்துறைத் தகவல்கள், திரைப்பட விழாவில் 'காணவில்லை' என்ற சுவரொட்டிகள். திரைப்படத் தகவல் தளத்தில்கூட மூவரும் காணாமல் போனவர்கள், இறந்திருக்கலாம் என்றே பதிவானது. அப்போது இணையமே பலருக்குப் புதிது, எழுத்தில் வந்தால் உண்மை என்று நம்பிய காலம். ஹெதரின் அம்மாவுக்கு அனுதாப அட்டைகள் வந்தன! மகள் உயிரோடு இருக்கிறாள், தாய்க்குத் துக்கம் விசாரிக்கிறார்கள்.

இதற்கும் முன்னால், 1980-இல், 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' என்ற இத்தாலியப் படத்தில் இதையே செய்தார்கள். படம் வந்த பிறகு கொஞ்ச காலம் வெளியே தலைகாட்டக் கூடாது என்று நடிகர்களிடம் ஒப்பந்தம். கடைசியில் இயக்குநர் ருஜேரோ டியோடாட்டோ மீது கொலைப்பழியே வந்துவிட்டது. நடிகர்கள் உயிரோடு இருப்பதை அவர் நிரூபிக்க வேண்டியதாயிற்று. மனிதர் யாரும் சாகவில்லை. ஆனால் அந்தப் படத்துக்காக விலங்குகளை நிஜமாகவே கொன்றிருந்தார்கள். யாரோ ஒருவர் விலை கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

பிளேர் விட்ச் உலகம் முழுவதும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நடிகர்களுக்குப் போனது அதில் சிறு துளி. தத்ரூபமாக நடித்ததால் அது நடிப்பு என்றே பலர் ஒப்புக்கொள்ளவில்லை. ஹெதருக்கு மிக மோசமான நடிகைக்கான ராஸி 'விருது' கொடுத்துக் கேலி செய்தார்கள். தங்கள் பெயரைப் பயன்படுத்தியதற்காக மூவரும் நிறுவனத்தின் மீது வழக்குப் போட வேண்டி வந்தது. ஹெதர் நடிப்பை விட்டார். பின்னாளில் தன் பெயரையே மாற்றிக்கொண்டார், இன்று அவர் ரே ஹான்ஸ். புதிதாக இன்னொரு பிளேர் விட்ச் படம் என்ற அறிவிப்பு வந்ததும், 2024-இல், இருபத்தைந்து ஆண்டு கழித்தும், நியாயமான பங்கு கேட்டு மூவரும் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவங்கதானே அண்ணே, இப்ப என்ன குறை?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருப்பேன். என் எண்ணத்தை மாற்றியது படம் அல்ல, நான் செய்த ஒரு காரியம்.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில் ஆற்றோரம் ஓர் இளைஞர் முகாம். நான் ஏற்பாட்டாளர்களில் ஒருவன். இரவு நிகழ்ச்சிக்காகக் கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்தோம். இருட்டில் டார்ச் லைட் ஆடும், ஆற்றங்கரையில் ஒற்றைச் சிலிப்பர் கிடக்கும், நாங்கள் ஒரு பையனின் பெயரைச் சொல்லிக் கூவித் தேடுவோம். படிவம் நான்கு மாணவன், நிஜப் பெயர்தான். அவனிடம் கேட்டோம், அவனும் "ஓகே அண்ணே" என்று சிரித்தான். அருமையாக வந்திருந்தது. அதை யாரோ புலனத்தில் போட்டுவிட்டார்கள்.

இரவு பதினொன்றுக்கு அவன் அம்மா கூப்பிட்டார். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிப் பேச வைத்தும் அவருக்கு மனம் ஆறவில்லை. இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்துவிட்டார். வந்தவர் எங்களைத் திட்டவில்லை. மகனின் தலையைத் தடவி, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். நான்தான் வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "விளையாட்டுக்குத்தான் ஆன்டி, அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சோம்" என்றேன்.

அவர் சொன்னார்: "அவன் சரின்னுதான் சொல்லுவான். அந்தப் பேரு நான் வெச்சது தம்பி."

இன்றைக்கும் எனக்கு அதற்குப் பதில் இல்லை.

பாரதத்தில் இதே காட்சி இருக்கிறது. துரோணரைப் போரில் வெல்ல முடியவில்லை. மகன் இறந்தான் என்றால்தான் அவர் ஆயுதத்தைக் கீழே வைப்பார். அசுவத்தாமன் என்ற பெயருள்ள ஒரு யானையை பீமன் கொன்றான். "அசுவத்தாமன் இறந்தான்" என்று தருமர் உரக்கச் சொன்னார், 'யானை' என்பதை மெல்ல விழுங்கினார். அதுவரை நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய அவருடைய தேர் தரையைத் தொட்டது என்பது கதை. பிற்பாடு சற்று நேரம் அவர் நரகத்தையும் பார்க்க நேர்ந்தது.

தருமர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று வாதாடலாம். ஆனால் கேட்டவர் ஒரு தகப்பன். அந்த யானையையும் நாம் மறந்துவிடுகிறோம். அது செய்த குற்றம் என்ன? அந்தப் பெயர் அதற்கு இருந்தது, அவ்வளவுதான்.

நன்மை தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் இடம் கொடுக்கிறார். ஆனால் அந்த நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் போட்ட நிபந்தனை. அதை வைத்துப் பார்த்தால் எனக்குக் கோடு ஓரளவு தெரிகிறது. கூத்துப் பார்க்க உட்கார்ந்தவனுக்கு அது கூத்து என்று தெரியும், அங்கே பொய் கிடையாது. அது தெரியாத ஒருவர் வெளியே நின்று அழுதால், அது கூத்து இல்லை. அடுத்தது, நடிக்கச் சம்மதித்தவர் தன் பங்குக்குத்தான் சம்மதிக்க முடியும், தன் தாய்க்காக அவர் கையெழுத்துப் போட முடியாது. அந்தச் சம்மதமும் சிறிய படத்துக்குக் கொடுத்தது. அது 24 கோடி டாலராக வளர்ந்த பிறகு, "அன்னிக்கே ஒத்துக்கிட்டியே" என்று பழைய காகிதத்தைக் காட்டுவது சட்டமாகலாம், அறமாகாது.

படத்தை நான் பழிக்கவில்லை. அதில் நடித்ததை அந்த மூவரும் பெருமையாகவே சொல்கிறார்கள். அவர்கள் கேட்பது பங்கும் மரியாதையும். நாமும் இன்று காணொளி எடுக்கிறோம், 'பிராங்க்' என்று அனுப்புகிறோம், அடுத்தவர் முகத்தையும் குரலையும் கணினியில் உருவாக்கியும் விடுகிறோம். அனுப்பும் முன் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வோம்: இதில் இருக்கும் பெயரை வைத்தவர் யார்? இது அவர் கண்ணில் பட்டால்?

அந்தக் காணொளியை அன்று விடியற்காலையிலேயே அழித்துவிட்டேன். பார்த்தவர்கள் இன்னும் கேட்பார்கள், "சூப்பரா இருந்துச்சே அண்ணே, ஏன் அழிச்சீங்க?" என்று. அவர்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.