நீதிமன்றத்தின் புதிய வாயில்

நம் நாட்டு நீதிமன்றங்களில் மனுக்களைக் கணினி வழியே தாக்கல் செய்யும் முறை பரவி வருகிறது. 2007-இல் தொடங்கிய மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்திற்கு 7,210 கோடி ரூபாய் செலவிட நடுவண் அமைச்சரவை 2023-இல் ஒப்புதல் அளித்தது. இதனை வெறுப்பது அறிவுடைமை ஆகாது. அடுத்த விசாரணை நாளைக் கைபேசியிலேயே அறிய முடிகிறது. கட்டைக் காணோம் என்று சொல்லிக் கை நீட்டும் பழைய கொடுமைக்கும் இடம் குறைகிறது. பேருந்துக் கட்டணத்தையும் கடன் வாங்கி அலைந்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

ஆனால், கணவனிடம் ஜீவனாம்சம் கேட்டுத் தானே வழக்காட முன்வரும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஆதார் வழியாக மின்கையொப்பமிட, ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு ஒரு கடவு எண் வரும். வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அதுவும் கணவன் சட்டைப்பையில். அவனுக்கு எதிரான மனுவின் திறவுகோல் அவனிடமே போய்ச் சேருகிறது! இங்கே கதவை யாரும் அடைக்கவில்லை. அவளுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாளை வைத்தார்கள், அவ்வளவே. தீய எண்ணம் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்றாகிவிடுமா?

ஆகாது என்றே நினைக்கிறேன். ஒப்படைத்த வாளை உரியவனிடம் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். அவன் வெறிகொண்ட நிலையில் வந்து கேட்டால் தராதிருப்பதே நீதி என்கிறார் புனித தாமஸ் அக்குவினாஸ். பொதுவாக வகுத்த விதி தனியொருவரிடம் தவறும்போது, விதியின் நோக்கத்தைக் காக்க ஒரு மனித மனம் அங்கே இருக்க வேண்டும். கணினித் திரைக்கு அந்த மனம் இல்லை. கட்டத்தை நிரப்பாதவரை அது மேலே செல்ல விடாது. ஏன் நிரப்பவில்லை என்றும் கேட்காது. பழைய எழுத்தர் கையூட்டு வாங்கியிருக்கலாம். ஆயினும் அவரிடம் அழுது முறையிடவாவது முடிந்தது.

நம் நீதித்துறைக்கு இந்த மனம் புதிதன்று. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதி ஒருவர், சக கைதிக்கு இழைக்கப்பட்ட சித்திரவதையைப் பற்றி எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாகவே ஏற்றது. நீதிபதி கிருஷ்ண ஐயர் 1979-இல் அதில் தீர்ப்பெழுதினார். படிவம் இல்லை என்று அக்கடிதம் திருப்பி அனுப்பப்படவில்லை.

உதவிக்கென மின்சேவை மையங்கள் இருக்கின்றன என்பார்கள். நல்லதே. ஆனால் அவை பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருப்பதால், கற்றவருக்கு மிச்சமான பயணம் கல்லாதவருக்கு மிச்சமாகவில்லை. பொருளாதாரக் குறைவாலோ வேறு இயலாமையாலோ எவருக்கும் நீதி மறுக்கப்படாதவாறு அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, 1976-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 39அ பிரிவு கூறுகிறது. கைபேசி இல்லாமையும் அந்த ‘வேறு இயலாமை’யில் அடங்கும். ஆகவே காகித மனுவை வாங்கும் மேசை ஒன்று ஒவ்வொரு நீதிமன்றத்திலும் இருக்கட்டும். அதனைச் சலுகையாக அன்று, அந்தப் பெண்ணின் உரிமையாக விதிகளிலேயே எழுதிவைக்கட்டும்.