நதிக்கு ஒரு சபை

இராஜஸ்தானத்தின் ஆல்வார் மாவட்டத்தில், மழைக்காலம் கழிந்ததும் வறண்டு கிடந்த அர்வாரி என்னும் சிறு நதி, கரையோரக் கிராமத்து ஜனங்கள் நீர்ப் பாதுகாப்புப் பணியாளர் இராஜேந்திர சிங்கின் தருண் பாரத் சங்கம் என்னும் தொண்டு அமைப்போடு சேர்ந்து ‘ஜோஹட்’ எனப்படும் மண்கரைத் தேக்கங்களை அமைத்து மழைநீரைப் பூமிக்குள் இறக்கியதன் பயனாக, 1990-களில் ஆண்டு முழுவதும் ஓடும் ஜீவநதியாயிற்று. நதி பிழைத்ததும், அதன் நீரை எவர், எவ்வளவு, எதன்பொருட்டு எடுப்பது என்ற கேள்வி பிறந்தது. அதற்கு விடை காணவே கிராமப் பிரதிநிதிகள் கூடி ‘அர்வாரி சன்சத்’ என்ற நதி நாடாளுமன்றத்தை ஸ்தாபித்தார்கள்.

இச்சபைக்குச் சட்டம் அளித்த அதிகாரம் ஏதுமில்லை. எனினும், ஊதியம் கருதாத அந்த உழவர்கள், கரும்பும் நெல்லும் போன்ற பெருநீர்ப் பயிர்கள் இங்கே வேண்டாமென்று, நாளை கிணற்றடியிலும் கல்யாண வீட்டிலும் முகம் பார்க்க வேண்டிய சொந்த அண்டை வீட்டாரிடமே சொல்லத் துணிந்தார்களே, அந்தத் தைரியம், வெயிலில் மண் சுமந்து கரை எழுப்பிய சிரமத்தைவிட அரிதென்றே கருதுகிறேன். இத்தகைய நீர்ப்பணிக்காக 2001-இல் இராஜேந்திர சிங்குக்கு மகசாசே விருது கிடைத்தது. அந்தக் கீர்த்தியில் இந்தக் கிராமத்தாருக்கும் நியாயமான பங்குண்டு.