வண்டின் வம்சமும் மனிதனின் பெருமையும்

முன்னோர் பெருமை பேசித் திரிவோரை, சாணியை மூக்கால் உருட்டிச் செல்லும் வண்டோடு ஒப்பிட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் உண்டு. அந்த வண்டின் வம்சத்தையே இன்றைய விஞ்ஞானம் ஆராய்ந்திருப்பது சிந்தனைக்குரியது.

சாணி வண்டுகளுள் சில, சாணியை உருண்டையாக்கி உருட்டிச் செல்லும். சில, அது கிடக்கும் இடத்திலேயே மண்ணைக் குடைந்து புதைக்கும். உருட்டுவன ஒரு குலம், குடைவன மற்றொரு குலம் என்றே அறிஞர் நெடுங்காலம் வகுத்திருந்தனர். 2007-இல் வெளியான ஓர் ஆய்வு 214 இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டது. மரபணு, தலைமுறைதோறும் படியெடுக்கப்படும் ஏடு போன்றது. படியெடுக்கையில் சிறு மாற்றங்கள் நேரும். ஒரே மாற்றங்களைச் சுமப்பவை பெரும்பாலும் நெருங்கிய உறவினங்கள். உருட்டும் பழக்கம் ஒருமுறையன்று, தனித்தனிக் கிளைகளில் பலமுறை தோன்றியது என்பதே கண்ட முடிவு. தொழில் ஒன்று, வம்சமோ வேறு!

நம்மிடையேயும் குதிரையோடும் மரக்கலத்தோடும் தொடர்புபடுத்தப்படும் குழுப்பெயர்கள் உள்ளன. தொழிலால் வந்த பெயரை இரத்தத்தின் உயர்வாக எண்ணுவோரும் உளர். தண்டலம் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பெருகிய பின், பல ஊர்களிலிருந்து வந்த நம் இளைஞர்கள் ஒரே சீருடையில் உழைக்கிறார்கள். ஜும்ஆவில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். ஆயினும் நிக்காஹ் பேச்சு எழுந்தவுடன், “எந்த வகையறா?” என்ற வினா முந்திக்கொள்கிறது. அந்த ஒரு வினாவால் நல்லொழுக்கமுள்ள எத்தனை பிள்ளைகள் தள்ளப்படுகின்றனர்!

“மரபணுவே வம்சத்தை மெய்ப்பிக்கும்போது, வம்சப் பெருமை மட்டும் எப்படிப் பொய்யாகும்?” என்று சிலர் வினவலாம். மரபணு உறவைக் காட்டும், உயர்வைக் காட்டாது. எந்த வண்டு எதனோடு உறவு என்று சொல்லுமேயன்றி, எது மேல், எது கீழ் என்று அது சொல்வதில்லை. பின்னோக்கிச் செல்லச் செல்லக் கிளைகள் பிரிவதில்லை, ஒன்றோடொன்று கூடுகின்றன.

வம்சத்தை அறிவதே தவறென்பதன்று. உறவைப் பேணுவதற்காக வம்சத்தைக் கற்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாகத் திர்மிதீயில் காண்கிறோம். இரு செய்திகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. வாரிசுரிமை வழங்கவும், நலிந்த உறவினரைத் தாங்கவும் உதவும் அறிவு கடமை. பிறரைத் தாழ்த்த உதவும் அதே அறிவு பாவம்.

வண்டாவது தான் உருட்டுவதை மண்ணுள் புதைத்து நிலத்துக்கு உரமாக்குகிறது. வம்சப் பெருமையை உருட்டுவோரால் விளைந்த பயன் யாது?