பிடிச்சதைப் பிடிச்சு வைக்கணுமா?

இன்னிக்கு ஒரு சின்னக் கேள்வி. நமக்குப் பிடிச்ச ஒண்ணு நம்மகிட்டயே இருக்கணும்னு நினைக்கிறது அன்பா, ஆசையா?

இதை யோசிக்க வச்சது என் பேத்தி. ஏழு வயசு. எனக்குப் பறவை பார்க்கிற பழக்கம் பல வருஷமா உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்கு அவளையும் கூட்டிட்டுப் போறேன். ஒருநாள் பைனாகுலர்ல ஒரு பச்சைக்கிளியைப் பார்த்துட்டு, "தாத்தா, ரொம்பப் பிடிச்சிருக்கு. வீட்டுக்குக் கொண்டு போலாமா?"ன்னு கேட்டா.

சட்டம் சொல்ற பதில் சுலபம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊர்க் கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். ஆனா பிடிச்சிருந்தா ஏன் கூடாதுங்கிறதுதான் குழந்தையோட கேள்வி.

நான் வேடந்தாங்கலைப் பத்திச் சொன்னேன். செங்கல்பட்டு மாவட்டத்து ஏரி அது. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டப்போ ஊர் மக்கள் கலெக்டர்கிட்ட முறையிட்டாங்க. 1798-லயே பாதுகாப்பு உத்தரவும் வாங்கினாங்க. உரத்துக்காகத்தானேன்னு கேட்கலாம். இருக்கட்டும். பயன் கிடைச்சும் ஒரு பறவையைக்கூட அவங்க கட்டிப் போடலையே!

"அப்போ பறவை அவங்களோடது இல்லையா?"

"இல்லம்மா. அவங்க காவலுக்கு இருக்காங்க, அவ்வளவுதான்."

இப்படிச் சொல்லிட்டேன். ஆனா அந்தப் பதில் எனக்கும் சேர்த்துத்தானே? எனக்குப் பிறகு இந்தப் பழக்கம் அவகிட்ட தொடரணும்னு எனக்குள்ள ஒரு ஆசை. "இன்னிக்கு வரலை தாத்தா, சைக்கிள் ஓட்டப் போறேன்"னு அவ சொல்ற காலையில் மனசு சுருங்குது. கிளிக்குக் கூண்டு தப்புன்னா, பேத்திக்கு மட்டும் சரியா?

கண்டிப்பே வேண்டாம்னு சொல்லலை. பள்ளிக்கூடம் போறது, பொய் சொல்லாம இருக்கிறது, இதெல்லாம் கடமை. அதுல பெரியவங்க விட்டுக்கொடுக்கக் கூடாது. ரசனை வேற. அதைக் காட்டலாம், கூடவே நடக்கலாம். திணிச்சா அது பாரமாயிடும்.

இளைஞர்களே, நீங்களும் ஒருத்தரையோ ஒண்ணையோ நேசிக்கும்போது இதைக் கேட்டுப் பாருங்க: 'நான் இல்லாத இடத்திலயும் இது நல்லா இருக்கணும்னு நினைக்கிறேனா?' ஆமான்னா அது அன்பு. நல்ல போட்டோவுக்காகக் கூடு வரைக்கும் போனா தாய்ப்பறவை எழுந்து பறந்திடும். காக்கா முட்டையைத் தூக்கிடும். அங்க நமக்குக் கிடைக்கிறது படம் மட்டும்தான்.

பைனாகுலரை இப்போ பேத்தி கைக்கு எட்டுற உயரத்துல மாட்டி வச்சிருக்கேன். எடுக்கிறதும் எடுக்காததும் அவ இஷ்டம்.