நோயுற்ற கோழியும் நம் பொறுப்பும்

கோழி வளர்க்கும் நம் வீடுகளில் ஒரு சொல் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகின்றது. கோழி தீனி எடுக்காமல் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றால் போதும். வீட்டிலுள்ள மூத்தவர், "உயிர் போகுமுன் அறுத்துவிடுங்கள்" என்பார். உடனே கத்தி தேடப்படும். அறுக்கத் தெரிந்தவரை அழைத்துவரப் பிள்ளை ஒருவன் ஓடுவான். தானாகச் செத்தது ஹராம்; உயிருள்ளபோது அல்லாஹ்வின் பெயர் கூறி அறுத்தது ஹலால். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில நாழிகைகளே அக்கோழிக்கு நாம் தரும் அவகாசம்.

மார்க்கச் சட்டத்தில் இதற்கு இடமுண்டு என்பதில் ஐயமில்லை. அடிபட்டும், உயரத்திலிருந்து விழுந்தும், கொம்பால் முட்டப்பட்டும் செத்தவற்றை விலக்கிய திருமறையின் ஐந்தாம் அத்தியாயம், உயிர் பிரியுமுன் முறைப்படி அறுக்கப்பட்டவற்றுக்கு விதிவிலக்கும் தந்திருக்கின்றது. மதீனாவின் ஸல்உ குன்றருகே கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அடிமைப்பெண், மந்தையில் ஓர் ஆடு சாகும் நிலையிலிருப்பதைக் கண்டு, கல்லொன்றை உடைத்து அதன் கூரால் அறுத்தாள். செய்தி பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்றது. அதனை உண்ணலாம் என்று அவர்கள் அனுமதித்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

ஆனால் அந்தப் பெண் நின்ற இடத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அது மேய்ச்சல் வெளி. கையில் கத்திகூட இல்லை. ஆடு அவள் கண்முன்னே செத்துக்கொண்டிருந்தது. நம் கொல்லைக் கோழியோ, காலையில் கூண்டைத் திறந்தபோது மற்றவற்றுக்கு இரண்டடி பின்தங்கி வெளியே வந்தது, அவ்வளவுதான். அவளுக்குக் கிடைத்த அனுமதியை நமக்கும் எடுத்துக்கொள்கின்றோம்; அவளுடைய நெருக்கடி நமக்கு இருக்கின்றதா என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. அறுக்கலாம் என்று அனுமதி இருப்பதனாலேயே, பேண வேண்டிய பொறுப்பு நீங்கிவிடுமா? நான் எழுப்ப விரும்பும் வினா இதுவே.

இவ்வினா என் மனத்தில் எழக் காரணமாயிருந்த நிகழ்ச்சியை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றேன். 1967ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. எங்கள் கடற்கரை ஊர் வீட்டில், உம்மம்மாவின் சொற்படி நோயுற்ற கோழியொன்று அறுக்கப்பட்டது. அறுத்த பின் அதனை ஆக்கி உண்ண வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. கறி முழுவதையும் ஒரு கிண்ணத்திலிட்டு, வாழையிலையால் மூடி, தெருக்கோடியில் பாய் முடைந்து பிழைத்துவந்த ஒரு விதவைக்குக் கொடுத்துவரும்படி என்னிடம் தந்தார்கள். அப்பெண்மணி இலையை விலக்கிப் பார்த்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உங்க வீட்டிலேயும் இன்னிக்கு இந்தக் கறிதானா வாப்பா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். எங்கள் வீட்டில் அன்று மீன் ஆணம்.

பொய் சொல்லும்படி என்னிடம் எவரும் கூறவில்லை. சொன்னவன் நான்தான். பிறர் நமக்குத் தந்தால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டாத பொருளை அறத்திற்கென ஒதுக்குவதைத் திருமறை தன் இரண்டாம் அத்தியாயத்தில் தடுத்திருக்கின்றது என்பதைப் பின்னாளில் ஓதியபோது, அந்தக் கிண்ணமே நினைவுக்கு வந்தது. வெளிப்படையாக நோயுற்ற பிராணி குர்பானிக்கு ஆகாது என்று நாம் அறிவோம். அல்லாஹ்வின் பாதையில் அறுக்கத் தகாதது ஏழையின் அடுப்புக்கு மட்டும் எப்படித் தகுதியாயிற்று? வீண் விரயம் கூடாது என்னும் நல்லெண்ணத்தின் பெயரால் இப்படியும் சில காரியங்கள் நடந்துவிடுகின்றன.

நான் சொன்ன பொய்யை அன்றிரவே உம்மாவிடம் கூறிவிட்டேன். உம்மா என்னை ஏசவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு மழைக்காலத்தில், எங்கள் செவலைக் கோழி நோயுற்றபோது, அதே சொல்லை உம்மம்மா சொல்ல, உம்மா முதன்முறையாகத் தம் தாயை மறுத்துப் பேசினார்கள்: "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம் உம்மா. நம்ம கையிலே தின்ன உசுருதானே."

அது இளங்கோழி, முட்டையிடத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. நிமிர்ந்து நின்றபடி வாலை ஏற்றி இறக்கி முக்கிக்கொண்டிருந்தது. மற்றக் கோழிகள் அதனைக் கொத்தின. கோழியினத்திற்கு ஓர் இயல்புண்டு: நோயை வெளிக்காட்டினால் பகைக்கு இரையாகிவிடுவோம் என்பதுபோல, இயன்றவரை மறைத்தே நிற்கும். நம் கண்ணுக்கு நோய் தெரிகிறதென்றால், அது பல மணி நேரம், சில வேளை பல நாள், தனியே துன்புற்றுவிட்டது என்று பொருள். உம்மா அடிவயிற்றை மெல்லத் தடவிப் பார்த்து, முட்டை அடைபட்டிருப்பதை உணர்ந்தார்கள். அழுத்திப் பிதுக்கலாமே என்று நான் சொன்னதற்கு என் கையைத் தட்டிவிட்டார்கள். முட்டை உள்ளேயே உடைந்தால் ஓடு கிழித்துச் சீழ் பிடித்துவிடும் என்பதை அவர்கள் எங்கே கற்றார்களோ, அறியேன்.

அகன்ற சட்டியில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, கோழியின் வயிறு நனையும்படி அரைமணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றி, எருவாயில் தேங்காயெண்ணெய் தடவி, அடுப்பங்கரையின் கதகதப்பில் பஞ்சாரத்தால் கவிழ்த்து, மேலே பழைய சாக்கைப் போர்த்தினார்கள். இருட்டும் சூடும் தனிமையும் அதற்கு வேண்டும் என்றார்கள். அன்று மூன்று முறை இவ்வாறு செய்தார்கள். மறுநாள் ஸுப்ஹு தொழுகைக்கு எழுந்தபோது, பஞ்சாரத்தினுள் ஓடில்லாத தோல் முட்டை ஒன்று கிடந்தது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உடலில் ஓடு சரிவரப் பிடிப்பதில்லை. அத்தகைய முட்டை எளிதில் வழுக்கி வருவதுமில்லை. அதன்பின் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை இடித்துத் தீனியோடு கலந்து வைப்பது என் வேலையாயிற்று.

முட்டை வந்துவிட்டது, கோழி எழவில்லை. நான்கு நாட்கள் தானாக எதையும் உண்ணவில்லை. என் பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரைக் கழுவி, அதனால் நீராகாரத்தையும் கேழ்வரகுக் கூழின் தெளிவையும் அலகின் ஓரத்தில் சொட்டு சொட்டாக விட்டோம். கோழிக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கின்றது. அவசரப்பட்டு வாய் நிறைய ஊற்றினால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். நோயாளிக் கோழிகளிற் சில, நோயினால் அன்றி நம் அவசரச் சிகிச்சையினாலேயே சாகின்றன. ஐந்தாம் நாள் அது அலகைத் தரையில் தேய்த்துக்கொண்டது. "இனி பிழைச்சுக்கும்" என்றார்கள் உம்மம்மா. கூழ் காய்ச்சித் தந்ததும் அவர்கள்தாம்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: நாளை அறுத்துத் தின்னப் போகும் கோழிக்கு இன்று இத்தனை பணிவிடை எதற்கு? இது மனத்தை ஏமாற்றிக்கொள்ளும் வேலையன்றோ? மேலும், முட்டைக்காசு வரும் என்ற ஆசை உங்கள் உம்மாவுக்கு இல்லையா?

இருந்தது. முட்டை விற்ற காசில்தான் எங்கள் சிலேட்டுக் குச்சியும் வந்தது. அதனால் அந்தப் பணிவிடை பொய்யாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. மனிதரின் நிய்யத்தில் ஒன்றிரண்டு இழைகள் எப்போதும் கலந்தே இருக்கின்றன. ஆனால் கேள்வியின் முதற்பகுதி கடினமானது. கோழிக்கறியைப் பெருமானார் (ஸல்) அவர்களே உண்டிருக்கின்றார்கள் என்று அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அதே நபிமொழித் தொகுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு: ஒரு கோழியைக் கட்டிவைத்து இளைஞர்கள் அம்பெய்து விளையாடுவதைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், இவ்வாறு செய்வோரை நாயகம் (ஸல்) சபித்தார்கள் என்று கூறிக் கண்டித்தார்கள். உண்ண ஆகுமான அதே கோழிதான். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டிக்கப்பட்ட செய்தியையும், அறுக்கும்போது கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்ற கட்டளையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். அறுக்கும் உரிமை நமக்குண்டு என்பதால், அதுவரையுள்ள நாட்கள் கணக்கில் வாராத நாட்களாகிவிடவில்லை. கண்டதைக் கொத்தித் தின்ற கோழியைச் சில நாள் கட்டிவைத்து, நல்ல தீனி கொடுத்த பின்பே அறுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நம் வாயின் சுத்தத்துக்காக மூன்று நாள் பேண முடிகின்ற நமக்கு, அதன் வலிக்காக இரண்டு நாள் பேண நேரமில்லை என்பது பொருந்துமா?

பேணுதல் என்பது எப்போதும் மடியில் வைத்துக் கூழ் ஊட்டுவதுமன்று. வெள்ளைக் கழிச்சல் கண்டால் கதை வேறு. 1920களின் பிற்பகுதியில் இமயமலைப் பக்கத்து ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு, நம் நாட்டில் அவ்வூர்ப் பெயராலேயே வழங்கும் அந்நோய் ஒரு நுண்கிருமியால் வருவது. வந்தபின் தீர்க்க மருந்தில்லை. முதல் வாரத்தில் சொட்டு மருந்தும் எட்டாவது வாரத்தில் ஊசியும் போட்டுவைப்பதே பேணுதல். நோயுற்றதைத் தனியே பிரிக்காமல் கொஞ்சிக்கொண்டிருப்பது மற்றக் கோழிகளுக்குச் செய்யும் கொடுமை. அதனை அறுத்து இறகையும் குடலையும் கொல்லையில் எறிவது அதனினும் கொடுமை. தெருவெங்கும் நோய் பரவும். 2006ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக இந்தியாவுக்குள் தலைகாட்டிய பின், கோழிகள் கூட்டமாகச் சாகும்போது கத்தியைத் தொடாமல் அரசுக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லியனுப்புவது மனித உயிரைக் காக்கும் காரியமாகவும் ஆகிவிட்டது. அத்தகைய வேளையில் 'சாகுமுன் அறு' என்னும் பழஞ்சொல்லை மறந்துவிடுவதே நன்று. மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் கறியையும் மருத்துவர் குறித்த நாள் கழியும்வரை உண்ணவோ விற்கவோ கூடாது என்பதையும் நம் பெண்மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

பிழைக்காது என்று தெரிந்து, தொற்றுநோயுமன்று, வேதனை மட்டும் நீள்கின்றது என்னும் நிலையில் கத்தியை எடுப்பவரை நான் குறைகூறமாட்டேன். அந்தக் கறியை அவரே உண்ணத் துணியாவிட்டால் குழிதோண்டிப் புதைக்கட்டும். கிண்ணத்திலிட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.

எங்கள் செவலைக் கோழி அதன்பின் இரண்டு முறை அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. 1970இல் வாப்பா கொழும்பிலிருந்து வந்திருந்தபோது, முட்டையிடுவது நின்று நன்றாகக் கொழுத்திருந்த அதனையே அறுப்பதென்று முடிவாயிற்று. முடிவு செய்தவர்கள் உம்மாதான். லெப்பை வந்தார். உம்மா கோழியின் அலகை நீரில் நனைத்து, அது குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கத்தியை வாங்கி நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கோழியின் கண்ணில் படாமல் திண்ணைப் பக்கம் போய் இன்னொரு முறை தீட்டிவரும்படி லெப்பையிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அவருக்குச் சற்றுக் கோபம்தான். ஆயினும் போய்த் தீட்டினார்.

ஆணம் இறங்கியதும், வாப்பாவின் தட்டுக்குப் போகுமுன்னே ஒரு கிண்ணம் நிறைய எடுத்து என்னிடம் தந்தார்கள், பாய் முடையும் வீட்டுக்கு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதே வாசலில் நின்று, அதே கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். அப்பெண்மணி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, வாப்பா எப்போது கொழும்புக்குத் திரும்புகின்றார் என்று மட்டும் விசாரித்தார்.